எதுக்களிப்பு

முப்பத்தோரு கேள்விகள் என் தாளில்.
பதினாலாவது:
சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துப் படுப்பீர்கள்?

சின்னப்பாலத்து மணலில்
பாசியை உதறிக் காயப்போட்டுக்கொண்டே
"படுக்கிறது எங்க, முங்குறதுதான்" என்றாள் சேதுக்கனி.

விடியுமுன் நீராகாரம், ஒரு துண்டு கருவாடு.
பிறகு கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி,
காலுக்கு வெட்டிக் கட்டிய ரப்பர்.
தலை கீழே, கால் மேலே,
பார்க்கல் இடுக்கில் கை,
ஒரு மூச்சுக்கு ஒரு பிடி.

"பாதி மூச்சுல புளிச்சு ஏறும் மேடம்.
துப்ப முடியாது, வாயத் திறந்தா கடல்.
அங்கயே முழுங்கிட்டு
அடுத்த கொத்தப் பறிப்பேன்."

தலைகீழாக எத்தனை முறை?
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்: நாளுக்கு இருநூறு இருக்கும்.
துறைத்தலைவர் அதை அடித்துவிட்டு
'மற்றவை' என்று போட்டார்.

ஒப்புதலுக்குப் பெருவிரல் வைத்தாள்.
ரேகை விழவில்லை,
மை மட்டும் விழுந்தது.

ராமநாதபுரத்தில், குழாய் உள்ளே போகும்போது
மூச்சைப் பிடிக்காதீங்கம்மா என்றார் மருத்துவர்.
அவளுக்குத் தெரிந்ததே அது ஒன்றுதான்.
ஒரு நிமிடம் தாண்டியதும் நர்ஸ் பதறினாள்.
சேதுக்கனி கண்ணைத் திறந்து
எல்லாரையும் பார்த்தாள்,
தண்ணீருக்கு மேலே வந்தவள் மாதிரி.

திரையில் உணவுக்குழாய்
மேலே வெளிறிய சிப்பியின் உட்புறம்.
கீழே போகப் போக
சிவந்த நாக்குகள் ஏறி நின்றன.
பாடநூல் அந்த நிறத்துக்கு
ஏதோ குளிர்கடல் மீனைச் சொல்லும்,
இந்தக் கரையில் யாரும் அதை அறுத்ததில்லை.
'சங்கராச் செவுள்' என்று குறித்துக்கொண்டேன்.

இரண்டு சென்டிமீட்டருக்கு நாலு கிள்ளல்.
மொத்தம் எட்டு,
அரிசிக் குருணையைவிடச் சின்னது.
சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் வைத்தேன்.
ஆறு துண்டில் ஒன்றுமில்லை.
ஏழாவதில் நீலம்.
சின்னச் சின்னக் கோப்பைகள், வழிய வழிய நீலம்.
குடலில் இருக்க வேண்டியவை.

அமிலம் ஏறி ஏறி வந்த இடத்தில்
குழாயின் தோல் தன் பிழைப்பை விட்டு
குடலாக வேஷம் கட்டியிருந்தது.
எரிச்சலைத் தாங்கும் வழி என்கிறது ஒரு கட்டுரை.
புற்றுக்கு முதல் படி என்கிறது இன்னொன்று.
இரண்டும் என் மேசையில்தான் கிடக்கின்றன.
எட்டாவது துண்டு தகட்டிலேயே கிழிந்துபோனது,
அது என் கைத்தவறு.

அவளிடம் சொன்னேன்,
வருஷத்துக்கு நூறு பேரில் ஒருத்தருக்கும் குறைவாகத்தான்
இது கெட்டதாக மாறும்.
"நூறு பேர் முங்கி
ஒருத்தி ஏறாமப் போறதவிடக் கம்மியா?"
கம்மி.
"அப்ப கடலுக்கு இது தேவல."

வெள்ளை மருந்தை நீட்டினேன்.
சாப்பிட்டதும் ரெண்டு மூடி.
வயிற்றுக்கு மேலே தெப்பமாக மிதந்து
புளிப்பை ஏறவிடாது.
இது உங்க கட்டக்கோரைல இருந்து எடுக்கிறதுதான் என்றேன்.
மூடியைத் திறந்து மோந்தாள்.
"சோம்பு வாசமில்ல அடிக்குது."
பிறகு, "நான் போட்டது காஞ்ச எடை கிலோ பன்னெண்டு ரூவா.
இது என்ன வெல?"

சீட்டில் விலை அச்சான இடத்தில்
என் கட்டைவிரல் இருந்தது.
எடுக்கவில்லை.
இங்க இலவசம் என்றேன்.

தலைமாட்டை அரை அடி உயர்த்திப் படுங்க.
"பாசி மூட்டை கெடக்கு."
ராத்திரி லேட்டாச் சாப்பிடாதீங்க.
சிரித்தாள்.
ஆறு மாதத்தில் மறுபடி குழாய்,
தை பதினொண்ணு வாங்க.

விரல்விட்டு எண்ணினாள்,
நான் மாத்திரை எண்ணுவதைவிட வேகமாக.
"அன்னைக்கு அமாவாசைக்கு மறுநாளு மேடம்.
நீர் வத்தும், பாசி நாளு.
வேற தேதி போடுங்க."

காலண்டரைத் திருப்பினேன்.
சரிதான்.